மூடியில் இருந்த தேதி

மேனேஜரின் பின்னங்கால் மறுபடியும் வெடவெடத்தது. கண்ணாடித் தொட்டியில் மூக்கு பதிய நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

கணவர் ஆசையாக வளர்த்த, விரல் நகத்தளவே இருந்த அம்புத் தவளை இனத்துக் குட்டிகள் ஐந்தில் அதுதான் கடைக்குட்டி. ஒரு வேலையும் செய்யாமல் இலைமேல் உட்கார்ந்து மற்றவற்றை மேற்பார்வை பார்க்கிறது என்று அவர் வைத்த பெயர் அது. வால் கரைந்து அவை தரையேறிய சில நாட்களில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் ஆகிறது.

"என்ன அண்ணி, மேனேஜர் இன்னிக்கும் லீவா?" என்று வந்த நாத்தனார், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

"கால் நடுங்குது. ஈயை எட்டிப் பிடிக்க முடியல."

"கால்சியம் பொடி போடுறீங்கல்ல?"

"ஒரு வேளை தவறினதில்ல. உங்கண்ணன் மாதிரியே கோப்பையில பறக்காத பழ ஈயைப் போட்டு, பொடி தூவிக் குலுக்கித்தான் விடுறேன்."

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொடி டப்பாவை எப்பம்மா திறந்தீங்க?"

மூடியைத் திருப்பினாள். திறந்த தேதியைக் கணவர் பொடிப்பொடியாக எழுதியிருந்தார். "பதினோரு மாசம் ஆச்சு, டாக்டர்."

"கால்சியம் கெடாது. அதை உடம்புல சேர்க்கிற வைட்டமின் இருக்கே, அது இத்தனை மாசம் தாங்காது. வேற டப்பா இல்லையா?"

"அலமாரியில இருக்கே!" என்றாள் நாத்தனார். "அண்ணன் சொல்லிவச்சு, அவர் போன மறுவாரம் வந்துச்சே. ஏன் அண்ணி பிரிக்கல?"

"இது தீரட்டும்னு..." என்று மூடியைத் திருகி இறுக்கினாள். தீர்ந்தால் இந்த மூடியையும் தூக்கிப் போட வேண்டிவருமே என்று, ஒரு மாதமாகப் பொடியைக் கிள்ளிக் கிள்ளித்தான் தூவிவந்தாள். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

ஈரப் பஞ்சு விரித்த டப்பாவில் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவர் அதன் முதுகில் கால்சியம் மருந்தை ஒரு சொட்டு விட்டார். "சாயங்காலம் ஈயைப் பிடிச்சா பிழைச்சுக்கும். இல்லேன்னா காலையில கொண்டாங்க."

வீடு திரும்பியதும் புது டப்பாவைத் திறந்தாள். கை தாராளமாகவே போயிற்று. மாவில் புரட்டியதுபோல் வெளுத்த ஈக்களைத் தொட்டிக்குள் தட்டிவிட்டாள். மற்ற நான்கும் பாய்ந்தன. மேனேஜர் அசையவில்லை. ஓர் ஈ அதன் மூக்கருகே நடந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"துரை கையெழுத்துப் போட்டாத்தான் சாப்பிடுவாரோ?" என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"சும்மா இருடி."

மூன்றாவது ஈ இலைமேல் ஏறியது. மேனேஜர் தலையைச் சாய்த்தது. நாக்கு நீண்டது, குறி தப்பிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணி! பிடிச்சிருச்சு!"

திறந்து பார்த்தபோது இலைமேல் ஈ இல்லை. கால் மட்டும் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்துப் புது மூடியில் அன்றைய தேதியை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பழைய பொடியைக் கொட்ட டப்பாவை எடுத்தாள் நாத்தனார்.

"பொடியைக் கொட்டிடு. மூடியைக் குடு," என்று நாத்தனாரிடம் கை நீட்டினாள், கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமல்.