துரை வரும் நேரம்

“வேற எங்கயாவது நம்மள மாதிரி யோசிக்கிறவங்க இருப்பாங்களா? நீ என்ன நினைக்கிறே?”

டாக்டரம்மா இதைக் கேட்டபோது நான் அவருடைய மேசைக்கு அடியில் உட்கார்ந்து, ஒயர்களின் மேல் படிந்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். தனக்குத்தானே பேசிக்கொள்வது அவர் வழக்கம். அதனால் என்னைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. அவர் குனிந்து மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். “உன்னத்தான்.”

நான் பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விடை தெரியும்; வெளியே வராது. மொத்த வகுப்பும் எனக்காகக் காத்திருக்கும். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் அப்படி நிற்பதற்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாளும் இருந்தேன். அவ்வளவுதான், படிப்பு முடிந்தது. ஆனால் அங்கே கேட்ட கேள்விக்கெல்லாம் விடை முன்னாலேயே புத்தகத்தில் இருந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. பிரஷ்ஷைப் பிடித்தபடி தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

“எங்க தலைமை ஆபீஸும் இப்படித்தான் பதில் சொல்லுது” என்று அவர் சிரித்தார்.

அது வானத்தைக் காதால் கேட்கிற இடம். வெட்டவெளியில் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி டிஷ். அதன் கீழே மூன்று அறைகள்: யந்திரங்கள் இருக்கும் அறை, கேபிள்கள் வந்து இறங்கும் அறை, அதை ஒட்டித் துடைப்பமும் வாளியும் வைக்கிற ஸ்டோர் ரூம். ஒரு காலத்தில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்களாம். நான் சேர்ந்தபோது டாக்டரம்மா ஒருவர்தான் மிச்சம். அவரும் அந்த வருட முடிவு வரைக்கும்தான். அதற்குள் ஏதாவது கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது கேட்டில் காவல் இருக்கும் பெரியப்பா. “இவ வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்மா, அதான் தொறக்கறதில்ல” என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார். “அப்ப இவதான் எனக்கு வேணும்” என்றார் டாக்டரம்மா. அவர் மருத்துவர் இல்லை என்பதைப் பெரியப்பா கடைசி வரை நம்பவில்லை. “இந்த முட்டி வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுக்கக் கூடாதா?” என்று வாரம் ஒரு தடவை கேட்பார். “நான் நட்சத்திரத்துக்குத்தான் டாக்டருண்ணே. உங்க முட்டி இங்கேருந்து எவ்வளவு தூரம்னு வேணா கணக்குப் போட்டுச் சொல்றேன்.”

டிஷ்ஷுக்கு எல்லாச் சத்தமும் கேட்கும். பெட்ரோல் வண்டி வந்தால் அதன் தீப்பொறி கூடக் கேட்குமாம். அதனால் டீசல் ஜீப் மட்டும்தான் உள்ளே வரும். ஃபோன் கூடவே கூடாது. கேட்டில் சின்னச் சின்ன அறைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்று இருக்கும். வருகிறவர்கள் அணைத்து அதில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பெரியப்பா எல்லோர் பையையும் பார்ப்பார். என் பையை மட்டும் பார்க்க மாட்டார். “உனக்கேதுடி ஃபோனு” என்பார்.

எனக்கு ஃபோன் இல்லைதான். என் வாளியில், துணிகளுக்கு அடியில் இருந்தது அண்ணனுடைய ஃபோன்.

அண்ணன் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் திரும்பி வரவில்லை. லாரிக்காரர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏழு மணிக்கு அம்மாவுக்கு ஒரு செய்தி பேசி அனுப்பியிருந்தான். பதின்மூன்று விநாடி. அம்மா அதைப் போட்டுக் கேட்பாள். கேட்டதும் எழுந்து போய்க் கதவைத் திறந்து வாசலில் நிற்பாள். இரவென்று இல்லை, மழையென்று இல்லை. பார்த்துப் பார்த்து அப்பா ஒரு நாள் அவள் ஃபோனிலிருந்து அதை அழித்துவிட்டார். அண்ணனுடைய ஃபோனையும் தூக்கிப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் போடவில்லை; அவன் அனுப்பிய அந்தச் செய்தி அதில் இன்னும் இருந்தது. அதன் பாட்டரி செத்திருந்தது, சார்ஜரில் இருந்தால்தான் உயிர் வரும். வீட்டில் செருகினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஸ்டோர் ரூமில் ஒரு பிளக் இருந்தது.

டாக்டரம்மா நாள்தோறும் ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கேட்டார். அதற்குப் பெயர் கிடையாது, நீளமான எண்தான். அவர் துரை என்பார். துரை நம் தலைக்கு மேலே வரும்போது இருபது நிமிடம் கேட்க வேண்டும். அப்போது அறையில் வேறு யாரும் அசையக் கூடாது. “கெளம்பு கெளம்பு, துரை வந்துட்டாரு” என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார். அந்த இருபது நிமிடம்தான் எனக்குச் சாப்பாட்டு நேரம். துரை தினமும் நாலு நிமிடம் முன்னால் வருவார். பூமி சுற்றுகிற கணக்கு அது. இன்றைக்கு ஒன்று ஆறுக்கு வந்தால் நாளைக்கு ஒன்று இரண்டு, மறுநாள் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. என் சாப்பாடும் கூடவே முன்னால் நகர்ந்துகொண்டு போகும். வாசலுக்கு மேலே பெரிய கடிகாரம் இருந்தது. வெளியே வந்த நேரத்தை என் நோட்டில் எழுதிக்கொள்வேன், இருபது நிமிடம் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக. எழுதிவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய், ஃபோனைச் செருகி, ஆன் செய்து, ஐந்து நிமிடம் திரும்பத் திரும்ப அண்ணனைக் கேட்பேன். பிறகு அணைத்துவிட்டுச் சாப்பிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை இப்படிக் கேட்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சாப்பிட மறந்துபோனார். சனிக்கிழமை வெள்ளைப் பலகையில் நேரங்களை எழுதிப்போட்டு, அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

“யாரோ பேசறாங்க” என்றார் என்னிடம். “துரை வந்ததும் ஆரம்பிக்குது. அஞ்சு நிமிஷம். டிஷ்ஷ நகத்திப் பாத்தேன், நின்னுபோச்சு. மனுஷன் பண்ற சத்தம்னா கடிகாரத்தப் பாத்து வரும்மா. தெனம் ஒரே நேரத்துக்கு வரும். இது கடிகாரத்தப் பாக்கல, துரையப் பாக்குது. நாலு நிமிஷம் முன்னால, நாலு நிமிஷம் முன்னால வருது.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே. எங்கேயோ ஒருவர் இருந்து, பேசவும் செய்கிறார் என்றால், இல்லாமல் போனவர்களைப் பற்றியும் யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றுதானே ஆகிறது. அன்று நோட்டில் அப்படித்தான் எழுதினேன்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்களன்று போனபோது டாக்டரம்மா, “நேத்து ஆளக் காணோம். அங்கயும் ஞாயித்துக்கெழம லீவு போல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அந்தச் சத்தம் வந்தது. அவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வர ஆரம்பித்தார். யாரைப் பார்க்கவோ தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கை நுரையில் இருந்தபோது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. எழுந்து கையைக்கூடத் துடைக்காமல் போய் நோட்டை எடுத்தேன். 1.06. 1.02. 12.58. தினமும் பார்க்கிற வெள்ளைப் பலகை எனக்கு மனப்பாடம். அதில் 1.07, 1.03, 12.59. ஒரு நிமிடம் வித்தியாசம். அறையிலிருந்து ஸ்டோர் ரூம் வரை நான் நடக்கிற நேரம் அது. துரை வந்தால் அவர் என்னை அனுப்புகிறார். அனுப்பினால் நான் ஃபோனைத் திறக்கிறேன். டிஷ்ஷை அவர் நகர்த்தியபோது நான் அணைத்திருப்பேன். துரையைப் பார்த்து வந்தது நான்தான்.

திங்களன்று ஃபோனைத் தொடவில்லை. வாளி மேலேயே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து உள்ளே போனால் டாக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “துரைக்கு என்ன கோவமோ” என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார், உதடு ஒத்துழைக்கவில்லை. “பதினாறு வருஷம் கேட்டிருக்கேன். ஒரு தும்மல்கூடக் கேட்டதில்ல. வீட்ல கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாங்க, நான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அம்மா போனப்பவும் இங்கதான் உக்காந்திருந்தேன்.” சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

செவ்வாயன்று நான் ஃபோனைத் திறந்தேன். தெரிந்தேதான் திறந்தேன். அண்ணனைக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா ஓடி வந்தார். ஸ்டோர் ரூம் கதவைத் தட்டினார். அவசரமாக எல்லாவற்றையும் வாளிக்குள் திணித்துவிட்டுத் திறந்தேன். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார். என்னை அப்படி யாரும் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. அவர் தோளில் எண்ணெய் வாசனை. “வந்துட்டாங்கடீ” என்றார், சின்னப் பெண் மாதிரி. “நாளைக்கு ஒரு தடவ பாத்துட்டுச் சாயங்காலம் வானத்தக் கேக்கற மத்த ஸ்டேஷன் எல்லாத்துக்கும் எழுதிடப் போறேன். வியாழக்கெழம எல்லாரும் துரையப் பாப்பாங்க. ஒரு தடவ சொல்லிட்டா திரும்ப முழுங்க முடியாது. இல்லன்னு ஆச்சுன்னா அப்புறம் என் பேச்ச நாய்கூடக் கேக்காது. ஆனா இருக்கு. நீயே பாத்தேல்ல?”

நான் தலையை ஆட்டினேன்.

புதன்கிழமை பன்னிரண்டு பதினாலு. “கெளம்பு, வந்துட்டாரு” என்றார். நான் போகவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியம், நாலே வார்த்தை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்து, “என்னம்மா?” என்றார். நான் வாளியிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஃபோனையும் சார்ஜரையும் வைத்தேன்.

முதலில் ஃபோனைப் பார்த்து அவருக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்தார். பிறகு நோட்டைப் படித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பலகையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி நோட்டு. இரண்டு ஞாயிறும் காலியாக இருந்த இடத்தில் விரல் நின்றது. சத்தம் வராத திங்களைத் தாண்டிச் செவ்வாய்க்கு வந்தது.

“செவ்வாக்கெழம?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தெரிஞ்சேவா?”

“ம்.”

அவரே சார்ஜரை மேசைக்குப் பின்னாலிருந்த பிளக்கில் செருகி, ஃபோனைத் திறந்தார். திரையில் நேராகப் போய்க்கொண்டிருந்த பச்சைக் கோடு உடனே எழும்பியது, முள் மாதிரி. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மூடி வச்ச ஃபோனத் தொறந்தா,” என்றார் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், “அது மொதல்ல பழகின எடத்தையெல்லாம் தேடும். வீடு, வேல பாத்த எடம், டீ குடிச்ச கட. ஒவ்வொண்ணா பேரச் சொல்லி இருக்கியா இருக்கியான்னு கூப்பிடும்.” என் பக்கம் திரும்பினார். “யாரோடது?”

“அண்ணன்” என்றேன். வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல அவசியம் இருக்கவில்லை. அண்ணன் போன கதையைப் பெரியப்பா அவரிடம் சொல்லியிருப்பார்.

“இதுல என்ன கேப்பே?”

தொட்டுக் காட்டினேன். பின்னால் வண்டிகள் போகும் சத்தம். அதன் நடுவில் அவன் குரல்: “அம்மா, கதவச் சாத்திடாத. இன்னும் ரெண்டே வீடுதான், வந்துடறேன். அவள சாப்புடச் சொல்லு. எனக்காக உக்காந்திருப்பா, லூசு.”

பதின்மூன்று விநாடி. கோடு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி என் நோட்டின் மேல் வைத்தார். திட்டுவார், வெளியே போ என்பார், அழுவார், எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் என்னைக் கடந்து போனார். அறைக்குள் மட்டும் போடுகிற நீல ரப்பர் செருப்போடு வாசலைத் தாண்டி, சரளைக் கல்லில் இறங்கினார். மேலே டிஷ் இன்னும் துரையின் பின்னால் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. கேட்டில் பெரியப்பா அவசரமாக எழுந்து நின்று ஏதோ கேட்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. டாக்டரம்மா நிற்கவில்லை. ஜீப்பையும் தாண்டி, நடு வெயிலில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, சாலையில் நடந்து போய்க்கொண்டேயிருந்தார்.