பீப்பாய் இறக்கிய படகு

தாரியோ ஊர் திரும்பிவிட்டான் என்று யாரும் மிரெல்லாவிடம் வந்து சொல்லவில்லை. சொல்லும் தைரியம் யாருக்கு இருந்தது? கடைசிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு ஒரெஸ்தேயின் மதுக்கடைக்குள் நுழைந்தபோது அவளே அவன் முதுகைப் பார்த்தாள்.

வெனிஸில் பொழுது சாய்ந்த பிறகும் வீட்டில் அடைந்து கிடப்பவன் ஒன்று காய்ச்சல்காரன், இல்லை புது மாப்பிள்ளை. மற்றவர்கள் கால்வாய்க் கரையோரம் கடை கடையாகப் போவார்கள். ஒரு கடையில் ஒரு ஒம்ப்ரா, அதாவது இரண்டு மடக்கில் தீர்ந்துபோகும் சின்ன கிளாஸ் ஒயின். கூடவே உலர்ந்த மீனை எண்ணெய் விட்டுக் குழைத்துத் தடவிய ரொட்டித் துண்டு. பிறகு அடுத்த கடை. எங்கே குடிக்கலாம் என்று கேட்கும் வெளியூர்க்காரனைப் பெரிய சதுக்கத்துப் பக்கம் கைகாட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரெஸ்தேயின் கடையை மட்டும் சொல்லமாட்டார்கள். அதைத் தங்களுக்கென்று பொத்தி வைத்திருந்தார்கள், அங்கே நடப்பதையும் சேர்த்து.

இந்தக் கடைகளுக்கெல்லாம் ஒயினும் பியரும் கொண்டுபோய் இறக்குவதுதான் மிரெல்லாவின் பிழைப்பு. படகு அவள் தம்பி துல்லியோவுடையது. மூன்று வருடத்துக்கு முன் துல்லியோவும் அவன் கூட்டாளி தாரியோவும் இதே கடையில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, தாரியோவின் விசைப்படகில் காயல் பக்கம் காற்று வாங்கப் போனார்கள். ஓட்டியவன் தாரியோ. விளக்குப் போடவில்லை. நீர்வழிக்கு அடையாளமாக நட்டிருக்கும் மரத்தூணில் முழு வேகத்தில் கொண்டுபோய் மோதினான். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பெட்டியை ஆணி அடித்தே மிரெல்லாவிடம் கொடுத்தார்கள். தாரியோவுக்கு ஒரு பல் போனது, பிறகு சிறை. அடக்கத்தன்று எல்லார் காதும் கேட்க அவள் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள், "நீ வெளிய வந்து இந்தக் கரையில கால் வைக்கிற அன்னைக்கு உன்னைக் கொல்லுவேன்." வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தையைத் தின்றுதான் மூன்று வருடம் உயிரோடிருந்தாள்.

இப்போது அவன் முன்னால் கிளாஸ்கள் வரிசையாக நிரம்பி நின்றன.

"துல்லியோ பேர்ல. எல்லாரும் எடுத்துக்குங்க" என்றான் தாரியோ.

ஒருவரும் தொடவில்லை. ஊற்றிய ஒயினைத் தொடாமல் விடுவது அந்தக் கரையில் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். மீன்கடை உலிஸ்ஸே பெரிய தொப்பைக்காரர், ஓசி கிளாஸ் என்றால் பிணத்தின் கையிலிருந்தும் வாங்கிக் குடிப்பவர். அவர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

தாரியோ திரும்பினான். "அக்கா" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து மிரெல்லா அவன் காதோரம் ஓங்கி அடித்தாள். பாட்டில் உடைந்தது, காதும் பாதி கிழிந்தது. அவன் கவுண்டரைப் பிடிக்கப் போய் கிளாஸ்களையெல்லாம் வாரிக்கொண்டு விழுந்தான். ஒயினும் ரத்தமுமாகத் தரை வழுக்கியது. அவள் அவன் மேல் ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்தினாள். பீப்பாய் தூக்கிக் காய்த்த கை அது. எலும்பு நொறுங்கியது அவள் விரலுக்கே தெரிந்தது.

"மூணு வருஷம்! மூணு வருஷம் சோறு தின்னியாடா நீ?"

அவன் கையைத் தூக்கவேயில்லை. அது அவளுக்கு இன்னும் வெறியேற்றியது. சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். வெளியே நின்று குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிந்திவிடாமல் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். "முட்டியில உதை, மிரெல்லா" என்று எவனோ யோசனைகூடச் சொன்னான்.

கரை விளிம்பில், கையில் மிஞ்சியிருந்த உடைந்த பாட்டிலை அவன் தொண்டைக்குக் கொண்டுபோனபோதுதான் தாரியோவின் உடம்பு அவன் பேச்சை மீறியது. அவள் மணிக்கட்டைக் கடித்தான், வயிற்றில் எட்டி உதைத்தான். கட்டிப்பிடித்தபடி இருவரும் கீழே நின்ற அவள் படகில் போய் விழுந்தார்கள். அவன் மண்டை மரத்தில் மோதிய சத்தம் கடைக்குள் கேட்டது.

படகின் என்ஜின் ஓடிக்கொண்டுதானிருந்தது. சரக்கு இறக்கும்போது அவள் அதை அணைப்பதில்லை. கயிறும் சும்மா ஒரு சுற்றுதான். தாரியோ முன்பலகையில் மல்லாந்து கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெளிவாக ஒரு எண்ணம் வந்தது: காயலுக்குக் கொண்டுபோ. அதே தூணில் கொண்டுபோய் அறை. கயிற்றை உருவி எறிந்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள்.

முன்னால் தாழ்ந்த கல்பாலம். வரும்போது அதன் அடியில்தான் வந்திருந்தாள், அதையே நம்பிப் போனாள். ஆனால் வரும்போது படகு நிறையப் பீப்பாய். இப்போது படகு காலி. காலிப் படகு தண்ணீரில் எவ்வளவு உயர்ந்து நிற்கும் என்று அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். போதாததற்கு மதியத்திலிருந்து தெற்குக் காற்று கடலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. ஊரைக் காக்கக் கடல்வாயில் இரும்புத் தடுப்புகளை எழுப்புமளவு வெள்ளமில்லைதான், அந்தப் பாலத்துக்கு அதுவே தாராளம். ஆத்திரத்தில் அவள் எல்லாவற்றையும் மறந்தாள்.

தாரியோவும் ஒரு தப்பு செய்தான். மேலே பாலம் தெரிந்ததும் குதிக்காமல், படகில் வளர்ந்த எல்லாரும் செய்வதுபோல, அப்படியே படுத்துக்கொண்டான்.

படகு வளைவுக்குள் நுழைந்து மடாரென்று சிக்கியது. பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் நெஞ்சு. விறகு முறிவதுபோல் ஒரு சத்தம், பிறகு அலறல். மிரெல்லா பதறிப்போய் என்ஜினைப் பின்னோக்கி இழுத்தாள். படகு அசையவில்லை, அலறல் மட்டும் கூடியது. என்ஜினை அணைத்தாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏறப் படகு மேலே போகும். கல் எங்கேயும் போகாது.

கரையிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். படகின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரெஸ்தே குனிந்து கையை நீட்டினார்.

"இறங்கி வா பொண்ணே. நீ ஒண்ணும் செய்யல. அவனா ஏறினான், அவனா மாட்டிக்கிட்டான்."

"மீதியைத் தண்ணி பாத்துக்கும்" என்றார் உலிஸ்ஸே.

"நாங்க உள்ள இருந்தோம். யாரும் எதையும் பாக்கல" என்றார் ஒரெஸ்தே.

மிரெல்லா சுக்கானருகே உட்கார்ந்தாள். கொலைப்பழி படாமல் காரியம் முடியப்போகிறது. மறைப்பானேன், மனதார அதை விரும்பினாள். வளைவுக்குள் விரல்கள் கல்லைப் பிராண்டுவது கேட்டது. "அக்கா" என்ற சொல் பாதியில் நின்று வெறும் காற்றாக வந்தது.

ஆனால் ஒரெஸ்தே சொன்ன வாக்கியம் அவள் காதிலேயே நின்றது. அதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். நிற்கக்கூட முடியாத இரண்டு பேரைப் படகில் ஏற்றி அனுப்பியது யார் என்று கோர்ட்டில் கேட்டபோது, இதே ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டேறிச் சொன்னது அது. நாங்க உள்ள இருந்தோம். யாரும் எதையும் பாக்கல. அன்றிரவு அந்தப் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டது தன் கைதான் என்று உலிஸ்ஸே அடக்கத்தன்று அவள் தோளில் அழுதார். கோர்ட்டில் அழவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இப்போதும் ஒவ்வொருவர் கையிலும் கிளாஸ் இருந்தது.

படகுத் துரட்டியை எடுத்துச் சுழற்றினாள். நாலைந்து கிளாஸ்கள் சிதறின, ஒருவனுக்குப் புறங்கை கிழிந்தது. திருப்பி ஒரெஸ்தேயின் காலரில் கொக்கியை மாட்டி இழுத்தாள். கிழவர் தடுமாறிப் படகுக்குள் முழங்கால் அடிபட விழுந்தார்.

"ஏறுங்கடா எல்லாரும்! அன்னைக்கும் உள்ள தான் இருந்தீங்க! இன்னைக்கும் உள்ள தானா? ஏறுங்க!"

"பைத்தியமா உனக்கு? உன் தம்பியைக் கொன்னவன்டி அவன்!" என்று கத்தினார் உலிஸ்ஸே.

"கொன்னான். ஊத்திக் குடுத்தது யாரு? ஏறுறியா, இல்ல கண்ணைத் தோண்டட்டுமா?"

துரட்டி முனை உலிஸ்ஸேவின் கன்னத்தைக் கீறியது. அவர் முதலில் இறங்கினார். படகு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். பாரம் சேரச் சேரப் படகு அமிழ்ந்தது. வளைவுக்குள் கல் உராய்ந்தது, பிறகு உராயவில்லை. மிரெல்லா தவழ்ந்துபோய் தாரியோவின் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

ஒரு பக்கத்து நெஞ்சு உள்ளே போயிருந்தது. வாயில் ரத்தக் குமிழி. நெருக்கத்தில் தலை வைக்க வேறு இடமில்லாததால் அது உலிஸ்ஸேவின் மடியில் இருந்தது. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தார்.

"ஏன்டா வந்தே?" என்றாள் மிரெல்லா. "வேற ஊரே இல்லையா உனக்கு?"

அவன் மூச்சைச் சேர்த்துப் பேச நேரம் பிடித்தது. "நீ... சொன்னியே. வந்தா கொல்லுவேன்னு. அதான் வந்தேன்."

அவள் பளாரென்று அவனை அறைந்தாள். அறைந்த கை அவன் கன்னத்திலேயே நின்றது. மூன்று வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, அசிங்கமாக, மூக்கொழுக.

"அவ்வளவு சுலபமா போயிடுவியா நீ? இங்கயே கிடப்பே. தினமும் என் மூஞ்சில முழிப்பே. நானும் உன் மூஞ்சில முழிச்சுத் தொலைக்கிறேன்."

"ஆம்புலன்ஸ் படகைக் கூப்பிடலாமா?" என்றார் ஒரெஸ்தே மெதுவாக.

"அது சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள இவன் போயிடுவான். பாலத்தைத் தாண்டினா ஆஸ்பத்திரி." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்ஜினைக் கிளப்பினாள். எழுந்து கரையேறப் போனவனைத் துரட்டியால் தடுத்தாள். "ஒருத்தரும் இறங்கக் கூடாது. நீங்க இருந்தா தான் படகு போகும்."

அவன் ஊற்றிய கிளாஸைத் தொடாதவர்கள் அவனைச் சுற்றி முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உலிஸ்ஸேவின் கை கடைசியில் அந்தக் கிழிந்த காதைப் பொத்தியது. படகு மெல்ல வளைவை நோக்கி நகர்ந்தது.

"தலையைக் குனிங்க" என்றாள் மிரெல்லா.

எல்லாரும் குனிந்தார்கள், அவளும் குனிந்தாள். ஈரக் கல் அவர்கள் பிடரிகளை உரசினாற்போல் மேலே கடந்துபோனது. பாலம் தாண்டிய பிறகும் முதலில் தலையை நிமிர்த்த யாருக்கும் மனம் வரவில்லை.