வாசல் கோடு

கால்பந்து லீக்கின் விதிப் புத்தகத்தில் பதினான்காம் விதி மிகவும் பெருந்தன்மையானது. மைதான வாசலில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே ஒரு வீரர் யார் மேலாவது கை வைத்தால் தடை. வெளியே வைத்தால் அது குடும்ப விஷயம்.

இந்த வருடம் பத்தொன்பது கோல் அடித்த ஸ்ட்ரைக்கர், செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும், வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வந்த மனைவியை அந்த வாசலில் வைத்து அடித்தான். இரண்டே அடி. தாடை விலகிவிட்டது. புகார் கொடுக்கப் போனவளை, லீக் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வரும்படி காவல் நிலையத்தில் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்குப் போலீஸ்காரர்களும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

அவள் அடி வாங்கியது சாக்கடையின் இரும்பு மூடிமேல் நின்றபோது. மூடி கோட்டுக்கு உள்ளே. கோடு போடுவது இருபது வருடமாக அவள் அண்ணன்தான். மைதானத்துக்குள் அவருக்குக் கிளப் கொடுத்திருந்த ஒற்றை அறையில்தான் அடி வாங்கியதிலிருந்து அவள் தங்கியிருந்தாள். அளந்தால் நம் பக்கம்தான் வரும் என்று அவர் தைரியம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழு. ஒன்பதுக்கே கிளப் செயலாளர் வந்து, கோடு இப்படி மங்கிக் கிடக்கிறதே என்று வருத்தப்பட்டார். புதிதாகப் போடச் சொன்னார், இரண்டடி உள்ளே தள்ளி. அண்ணன் தங்கையின் தாடையைப் பற்றிப் பேச்செடுத்தார். செயலாளர் அந்த ஒற்றை அறையைப் பற்றிப் பேச்செடுத்தார். மழைக்கு ஒழுகுகிறதா என்று ரொம்ப அன்பாக விசாரித்தார்.

அண்ணன் பழைய கோட்டைத் தேய்த்துக் கழுவினார். புதியது நூல் பிடித்த மாதிரி விழுந்தது. அவருக்குக் கோணலாகப் போட வராது.

பத்து மணிக்கு வாசலுக்கு வந்த குழுத் தலைவர் தங்கையிடம், கோட்டைப் பற்றி ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாதி வாயால் சொன்னாள்:

"எங்க அண்ணன் போட்டது சார். தப்பா இருக்காது."

நடந்து போய் மூடிமேல் நின்றாள். டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார். கோட்டுக்கு வெளியே, ஒன்றேகால் அடி. பெண்களை லீக் எவ்வளவு மதிக்கிறது என்று இரண்டு வரி எழுதி, நடவடிக்கைக்கு விதியில் இடமில்லை என்று மூன்றாவது வரியில் முடித்தார் தலைவர். ஸ்ட்ரைக்கர் பந்தை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினான். போகிற போக்கில் அண்ணனின் தோளைத் தட்டினான்.

"தேங்க்ஸ் மச்சான்."

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். கோட்டிலிருந்து மூடிவரை அவள் செருப்புத் தடம், வெள்ளை வெள்ளையாக.

"அண்ணா, இன்னும் காயவே இல்லையே."

அண்ணன் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் மிதித்த இடத்தில் கோடு கலைந்திருப்பதைத் தலைவர் சுட்டிக்காட்டினார். அண்ணன் பிரஷ் எடுத்துவரப் போனார்.