அவன் நின்ற பக்கம்

1

"மாட்டேன். அவனுக்கு நான் பதில் எழுத மாட்டேன்."

"எழுதாதே. அப்புறம் ஏன் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறக்கிறே?"

"வெளிச்சத்துக்கு. கரண்ட் வர்ற வரைக்கும் இதுதானே எனக்கு விளக்கு."

"பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தச் சொல்லுடீ, சுஹா."

இந்தக் கதை எனக்கு இங்கேதான் கிடைத்தது. பெய்ரூட்டில், ஹம்ரா பகுதியின் பின்தெருவில், தெருவுக்கே கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரர் தன் நேரம் முடிந்ததென்று அணைத்துவிட்டுப் போன ஒரு சாயங்காலம், நாலாவது மாடி பால்கனியில். சுஹா என் அடுத்த வீட்டுக்காரி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கையில் மின்நூல் கருவி. இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன். "என்னை ஒல்லியா எழுது" என்றாள். (எழுதிவிட்டேன். வர்ணனையே வைக்கவில்லை.)

2

"புத்தகத்தின் வாசனையைப் போல இந்த உலகத்தில்" என்று ஆரம்பித்தேன். அந்த வரி அங்கேயே நிற்கட்டும். நானும் முகர்ந்து பார்த்துவிட்டுப் படிக்கிறவள்தான். எந்த ஊரிலோ பனி பெய்யும் மொழிபெயர்ப்பு நாவலை இங்கே வியர்த்துக்கொண்டு படிக்கும்போது அந்தக் காகித மணம்தான் எனக்குப் பனி. ஆனால் சுஹா பறிகொடுத்தது வாசனையை அல்ல.

அவளுடைய அப்பா பென்சிலோடு படிப்பவர். பிடித்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு. பிடிக்காவிட்டால் எழுத்தாளரைப் பார்த்து "போடா" என்று ஓரத்தில் எழுதுவார். அவர் இறந்த பிறகு அவள் தம்பி வாஇல் மாண்ட்ரியாலுக்குக் கிளம்பினான். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுஹா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அலமாரி முழுவதையும் பழைய புத்தகக்காரரிடம் கொடுத்துவிட்டான். அதே புத்தகங்களை இரண்டு கருவிகளில், ஒரே கணக்கில் ஏற்றி, ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"எல்லாம் இதுல இருக்கு. ஒண்ணுகூட விடல."

"அப்பாவோட 'போடா' எங்கே இருக்கு?"

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

[இந்த இடத்தில் வாஇலைக் கெட்டவனாக்கினால் எனக்குச் சுலபம். "காகிதத்தின் மதிப்புத் தெரியாத அவன்" வரை எழுதினேன். ஊரை விட்டுப் போகும் அவசரத்திலும் ஒவ்வொரு தலைப்பாகத் தேடித் தேடி ஏற்றியவனைப் பற்றி அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.]

3

கருவி இத்தனை நாளும் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளோடு கிடந்தது. இந்தக் கோடையில் ஜெனரேட்டர் நேரத்தைக் குறைத்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண் எரிந்தது. வேறு வழியில்லாமல் எடுத்தாள். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த நாவலைத் திறந்தாள்: கலங்கரை விளக்கத்தில் ஒரு கொலை.

கொஞ்ச தூரம் போனதும், மறுபடி முதலிலிருந்து படிக்கலாம் என்று தோன்றியது. கீழே இருந்த பட்டையை வலப்பக்கமாக இழுத்தாள்.* வாஇல் அந்தக் கருவியைப் பிரெஞ்சுக்காரர் பழக்கத்துக்கு, இடமிருந்து வலமாக அமைத்திருந்தான். அது நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் நின்றது. "சீ" என்று திரும்பி வந்துவிட்டாள்.

* எங்கள் அரபுப் புத்தகங்களுக்கு முன்அட்டை வலப்பக்கம். நீங்கள் திறக்கும் இடத்தில் எங்களுக்குக் கதை முடிந்துவிடும்.

அந்த வாரம் மாண்ட்ரியாலில் வாஇலும் அதே நாவலைப் படித்துக்கொண்டிருந்தான். தற்செயலா என்று முகம் சுளிக்காதீர்கள். அது அப்பாவின் நினைவு நாள் வரும் வாரம். இருவரும் ஒரே புத்தகத்தைத்தானே எடுப்பார்கள்? அவன் கருவி அவனிடம் கேட்டிருக்கிறது: "வேறொரு கருவியில் கடைசிப் பக்கம் வரை படித்தாகிவிட்டது. அங்கே போகவா?" அவன் யோசிக்காமல் சரி என்று தொட்டிருப்பான். (இது என் ஊகம்தான். நான் மாண்ட்ரியாலைப் பார்த்ததில்லை.)

ஒரே கணக்கு என்பதால் ஒருவர் எழுதுவது மற்றவர் கருவியிலும் தெரியும். மறுநாள் சுஹாவின் கருவியில், கடைசிப் பக்கத்தில், வாஇலின் குறிப்பு ஒன்று இருந்தது:

"இன்னமும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிக்கிறியா, கழுதை? கொலைகாரன் யாருன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு."

"சின்ன வயசுல அப்படித்தான் படிப்பேன்" என்றாள் சுஹா. "சொல்லிடுவேன்னு காதைப் பொத்திக்கிட்டு ஓடுவான். அதை நான் விட்டு எத்தனையோ காலமாச்சு. மடையனுக்கு அதுகூடத் தெரியல."

4

முடிவுகளை யோசித்தேன். பழைய புத்தகக்கடையில் அப்பாவின் பிரதியே அவளுக்குக் கிடைப்பது: அடித்துவிட்டேன், அது சினிமா. வாஇல் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பது: விமானக் கட்டணம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் கருவியைப் பால்கனியிலிருந்து கீழே

இல்லை. நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியிருக்கிறாள்.

"இதைப் பாரேன்."

"கடல் அன்று மௌனமாக இருந்தது" என்ற வரி. பக்கத்தில் வாஇலின் குறிப்பு: "போடா."

இன்னும் முன்னால் போனோம். காதலியின் கண்களைப் பற்றிய ஒரு நீளமான பத்தி. "போடா." மீனவன் தன் நாயிடம் பேசும் இடத்தில் அடிக்கோடு மட்டும்.

"உங்கப்பா இங்கெல்லாம் இப்படித்தான் எழுதியிருந்தாரா?"

"ஞாபகமில்ல." அந்த அடிக்கோட்டை விரலால் தொட்டாள். "நாய்க்குக் கோடு போட்டிருப்பார். அது நிச்சயம்."

குறிப்புகள் நூற்று நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டன; அதற்குப் பிறகு, கடைசிப் பக்கம் வரை ஒன்றுமில்லை. நாவலில் பாதிகூட ஆகவில்லை. கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டதால் மூடி வைத்துவிட்டான் போலிருக்கிறது.

"உன்னாலதான்டீ" என்றேன்.

"நீ வாயை மூடு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

நல்ல முடிவா கெட்ட முடிவா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் வைஃபை இல்லை, அவளுக்கும் இல்லை. கரண்ட் வந்தால்தான் எழுதுவது எதுவும் அந்தக் கரைக்குப் போகும். தெரு முழுக்க இருட்டு. பதில் எழுத மாட்டேன் என்று சொன்னவள், அவன் நின்ற பக்கத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்:

"முடிவு தெரிஞ்சா என்னடா, வாஇல்? அப்பா எழுதின மிச்சத்தையும் எழுதிக் கொடேன்."