லாரிக்காரன் பிடித்த சுக்கான்

என் மனைவி பிரபாவதிக்கு ஐம்பத்தெட்டு வயதில் பாய்மரப் படகு ஓட்டும் ஆசை வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்த நாளிலிருந்தே அது உள்ளே இருந்ததாம். விளையாட்டு டீச்சராக ரிட்டயர் ஆன மறு மாதமே, மூடிப்போன ஏதோ ஒரு ஏரி விடுதியில் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கிவிட்டாள். அதை என் லாரியிலேயே ஏற்றி, என்னையே ஓட்டவைத்து, சேந்தமங்கலத்திலிருந்து மலைக்குக் கொண்டுவந்தாள். மேலே எங்களுக்கு மிளகுக் காடு இருக்கிறது, அதை ஒட்டி ஒரு ஏரியும் இருக்கிறது. எழுபது வளைவிலும் அந்தப் பாய்மரக் கம்பம் பின்னால் வந்த பஸ்ஸைக் குத்தப் பார்த்தது.

எனக்குப் படகைப் பார்த்ததும் நல்ல மாட்டுத் தொட்டி என்றுதான் தோன்றியது. பக்கத்துக் காட்டு அர்த்தனாரிக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. அவருக்கு நாலு மாடு. "ஏனுங்கண்ணா, அக்காவுக்குச் சலிச்சுப் போனா எனக்குக் குடுத்துருங்க" என்று முதல் நாளே சொல்லி வைத்தார்.

சலித்துப்போகும் என்று நாங்கள் நம்பியதற்குக் காரணம் சுக்கான். படகின் பின்னால் தண்ணீருக்குள் தொங்கி அதைத் திருப்பிவிடும் பலகை அது. ஓரமெல்லாம் பிளந்து, தண்ணீர் குடித்து, இரண்டு ஆள் தூக்கும் கனம் கனத்தது. பேச்சு முற்றிக் கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை படகு ஏரி நடுவிலிருக்கும் பாறையைச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய கரைக்கே திரும்பி வர வேண்டும். வந்தால் படகு அவளுக்கு. வராவிட்டால் அர்த்தனாரியின் மாடுகளுக்கு.

"சரீங்க" என்றாள். முப்பது வருஷம் விசில் ஊதியவள், சுருக்கமாகத்தான் பேசுவாள்.

புதன்கிழமை சுக்கானை வெயிலில் போட்டு, கிரைண்டரால் இரண்டாக அறுத்தாள். உள்ளே இருந்த நுரை ஊறி அழுகிக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டு, லேசாக எதையாவது வைத்து மேலே பைபர் ஒட்ட வேண்டுமாம். லேசான பொருள்தானே என்று, டிவி பெட்டிக்குள் வந்த தெர்மாகோலை நான் பெருந்தன்மையாக எடுத்துக் கொடுத்தேன். அளவாக அறுத்து வைத்து, பைபர் ஒட்டும் ரெசின் பசையை ஊற்றினாள். புஸ்ஸென்று சுருங்கி, தெர்மாகோல் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோனது.

"வேணும்னே குடுத்தீங்களா?" என்றாள்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பெரிய துண்டாகக் கொடுத்திருப்பேன்.

கெடுத்தது அர்த்தனாரிதான். "அதுக்கென்னுங்க அக்கா, மொளகுக்கொடி ஏத்துற கல்யாண முருங்கை எங்க காட்டுல காஞ்சு கெடக்குது. கட்டை பஞ்சாட்டம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தொட்டி கைநழுவுவது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அந்தக் கட்டையை இழைத்து உள்ளே பொருத்தினாள். ரெசினில் நனைத்த பைபர் துணியை மூன்று சுற்றுப் போர்த்தி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் சுக்கானை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல காற்று. பாயை இழுக்கும் கயிறு துருப்பிடித்த கப்பியில் அடிக்கடி சிக்கியதால் அதற்கே அவளுடைய இரண்டு கையும் தேவைப்பட்டது. "சுக்கானை நீங்க புடிங்க" என்று சொல்லிவிட்டாள். எதிராளி கையில் சுக்கானைக் கொடுக்கும் துணிச்சல் அவளுக்குத்தான் வரும். கரையில் அர்த்தனாரி மாடுகளோடு வந்து நின்றிருந்தார்.

பாறைவரை காற்றே கொண்டுபோனது. இடப்பக்கம் பாறை நெருங்கியது. முப்பத்தைந்து வருஷ லாரிக்காரன் நான். வலப்பக்கம் ஒதுங்கச் சுக்கானின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினேன். படகு நேராகப் பாறையைப் பார்த்துத் திரும்பியது. இன்னும் தள்ளினேன். இன்னும் திரும்பியது.

"எதிர்ப்பக்கமுங்க" என்றாள்.

தள்ளினேன், விலகியது. அப்புறம் பதற்றத்தில் கை பழைய பக்கமே போனது. படகு கிறுகிறுவென்று சுற்ற, பாய் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. பிரபாவதி சிரிக்க ஆரம்பித்தாள். கயிற்றையும் விடாமல், கண்ணில் தண்ணீர் வர, விக்கி விக்கிச் சிரித்தாள்.

நான் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும், தொட்டி ஜெயித்துவிடும். மனசு வரவில்லை. இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க வேண்டிய வருஷங்களில் நான் நாக்பூர் ரோட்டில் இருந்தேன். இந்தச் சிரிப்பு இருக்கிற படகில் மாடு வாய் வைக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் பின்வண்டி வலப்பக்கம் போகும். அதே கணக்குத்தானே இது.

"என்னங்க முணுமுணுக்கறீங்க?"

"சும்மா இரு புள்ள. ரிவர்ஸ் எடுக்கறேன்."

பாறையை ஒட்டி ஒரே சுற்று. அவள் பாயை இழுத்துப் பிடிக்க, எதிர்காற்றில் வளைந்து வளைந்து திரும்பினோம். கிளம்பிய கரையில், அர்த்தனாரியின் காலடியில், கீறல் விழாமல் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"அப்ப தொட்டிங்கண்ணா?" என்றார் அவர். பார்க்கப் பாவமாக இருந்தது.

"சிமெண்டுல கட்டிக்கலாம். கல்லு நானே எறக்கித் தாரேன்."

பிரபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கக் காலை எடுத்தாள். நான் கைப்பிடியை விடவில்லை.

"எங்க எறங்கற? உக்காரு" என்றேன். "இன்னொரு ரவுண்டு போலாம்."