மறுபடியும் கறுப்பு

…இதோ, மறுபடியும் போய்விட்டது, கம்பெனிப் பெயர் பளிச்சென்று எழும்பி, புள்ளிகள் ஒரு சுற்றுச் சுற்றி, பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரைக்கும் ஆசை காட்டிவிட்டு, பொட்டென்று கறுப்பு. நாசமாப் போக, என்றாள் வெண்ணிலா வாய்விட்டே, இன்றைக்குத்தானா, பதினோரு மணிக்குப் பெங்களூர்க்காரர்கள் இன்டர்வியூவுக்குக் கூப்பிடப்போகிற இன்றைக்குத்தானா? போன வாரம் முழுக்க இதே லேப்டாப்பில் சித்தார்த் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தான், ஒரு பந்துகூடத் தவறவில்லை, புருஷன் மடியில் இருந்தால் ஓடும், பெண்டாட்டி கை பட்டால் படுத்துக்கொள்ளும், அப்படித்தானே? போனில் பேசிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது, பேச்சு முடிந்ததும் டெஸ்ட் இருக்கிறதாம், லேப்டாப்பில்தான் எழுத வேண்டுமாம். சார்ஜரைப் பிடுங்கினாள், சமையலறை பிளக்கில் சொருகினாள், யூடியூபில் ஒருத்தி கன்னடத்தில் சொன்னபடி பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தாள், கட்டைவிரல் வெளுக்கிற மட்டும்… வந்தது, வரும், ஏன் வராது, வருவதில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை, நிற்பதில்தான்… கறுப்பு.

சித்தார்த்துக்குப் போன் போட்டாள். விடியற்காலை ரயிலில் பெங்களூர் போனவன், இந்நேரம் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருப்பான். "நீ இன்னா பண்ண அத?" என்றான் எடுத்ததும். வேறென்ன கேட்பான், மிக்சி நின்றாலும் இன்னா பண்ண, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் இன்னா பண்ண, சாம்பியன் ரீப்ஸ் ஊருக்கே கரண்ட் போனால்கூட அவள்தான் எதையோ பண்ணியிருக்க வேண்டும். நான் ஒன்னும் பண்ல, ஆன் பண்ணேன், அவ்ளோதான் என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பழசுதான, போர்டு போயிருக்கும். வுடு நிலா, வேற வேல வராமயா பூடும்?" வுடு. எவ்வளவு லேசாக வருகிறது அந்தச் சொல் அவன் வாயில்! ஆறு வருஷம் அவளும் அதே ரயிலுக்கு ஓடினவள்தான், பங்காருபேட்டை தாண்டுகிறவரை ஒற்றைக்காலில் நின்று, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கேட்டு வருகிற பேப்பர்களைச் சரிபார்க்கிற வேலை, அவளுக்குக் கீழே மூன்று பேர், மேடம் மேடம் என்று… அப்புறம் அத்தை, சித்தார்த்தின் அம்மா, பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, கொஞ்ச நாள் வுடு நிலா என்றான், விட்டாள். அத்தை எழுந்து, நடந்து, இப்போது ஆண்டர்சன்பேட்டைவரை போய்க் கறிகூட வாங்கி வருகிறாள், அந்தக் கொஞ்ச நாள்தான் நான்கு வருஷமாக முடியவே மாட்டேன் என்கிறது.

"இன்னாம்மா, எரிய மாட்டேங்குதா?" அத்தை சுலோச்சனா கீரை ஆய்ந்தபடியே எட்டிப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமதான சித்து அத கவுத்துப் போட்டு, கழட்டி தொடச்சிக்கினு இருந்தான், நீ கடைக்குப் போயிருந்தியே அப்ப." கை அப்படியே நின்றது வெண்ணிலாவுக்கு. கழட்டினானா? கழட்டிவிட்டுத்தான் என்னைக் கேட்டானா, நீ இன்னா பண்ண என்று? பீரோ மேலிருந்து அவனுடைய சின்ன ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்து, லேப்டாப்பைக் கவிழ்த்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகினாள், எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு வந்தன, சமீபத்தில் கழற்றிப் பூட்டியவை. அடிப்பக்கம் தோசைக்கல்லாய்க் கொதித்தது. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. விசிறியிலிருந்து வந்த மெல்லிய ஒயர் மட்டும், சொருக வேண்டிய இடத்தில் சொருகாமல், ஓரமாகக் கிடந்தது. விசிறி ஓடவில்லை, சூடேறுகிறது, எரிந்துபோகாமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, இவ்வளவுதானா? காலையிலிருந்து அதில் சத்தமே வரவில்லையே, எப்படிக் கவனிக்காமல் போனேன்?

மறந்திருப்பான்… மறந்தானா? சனிக்கிழமை இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னபோது ம் என்றான், அவ்வளவுதான், ம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். மறுநாளே லேப்டாப்பைத் துடைக்கிறான், தன் ஷூவைக்கூடத் துடைக்காத மனுஷன். பெண்டாட்டிக்கு நல்லது செய்ய நினைத்தானோ? அப்படியென்றால் சொல்லியிருப்பானே, ஒரு டம்ளர் கழுவினாலே மூன்று நாள் சொல்லிக்காட்டுகிறவன்! வரட்டும், சாயங்காலம் வரட்டும், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்கிறேன், அத்தை முன்னாலேயே கேட்கிறேன், என் பொழைப்பு உனக்கு விளையாட்டாடா என்று… நகத்தால் ஒயரை அழுத்தினாள். டிக்கென்று உட்கார்ந்தது. மூடி, ஸ்க்ரூக்களைத் திருகி, பட்டனை அழுத்தினாள், பெயர், புள்ளிகள், பாஸ்வேர்டு, உள்ளேயிருந்து உஸ்ஸென்று காற்று.

"வந்துட்ச்சா?" என்றாள் அத்தை. "வந்துட்ச்சி அத்த." கதவைச் சாத்தி, தலையைக் கோதி, அவர்கள் அனுப்பிய லிங்கைத் தொட்டாள். காத்திருங்கள் என்றது திரை, அவள் முகத்தையே அவளுக்குக் காட்டியபடி. முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள், இங்கிலீஷில், என்ன சொல்வது, அப்போது இருந்த சாப்ட்வேர் எல்லாம் மாறியிருக்கும், அவளுக்குக் கீழே இருந்தவர்கள் இப்போது எங்கேயோ… லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. காதை வைத்துக் கேட்டாள், விசிறி ஓடுகிறது. மறுபடியும் கை வைத்தாள். எதற்கு இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், அணைந்துவிடுமோ என்ற பயமா? பயம்தான், வேறென்ன? ஆனால் காலையில் முதல் தடவை திரை கறுத்தபோது, கோபம் வருவதற்கு முன்னால், கண்ணிமைக்கிற நேரம், நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி, அப்பாடா என்று இருந்ததே… அதை யார் பண்ணியது?

"வெண்ணிலா, நான் பேசுறது கேட்குதா?" என்றது திரையில் ஒரு பெண் குரல், இங்கிலீஷில். விசிறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.