காலி சீட்டில் போட்ட எடை

அக்காக்காரிக்கு அன்று காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. எரியாதா பின்னே? தம்பியின் குட்டி ரேஸ் காருக்கு ஸ்பிரிங் மாற்றுவது, சக்கரச் சாய்வு பார்ப்பது எல்லாம் இத்தனை வருஷமும் அவள் கைவேலை. இப்போது காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தது யார்? நேற்று வந்த தம்பி பொண்டாட்டி!

"வளைவுல மூக்கு திரும்பவே மாட்டேங்குதுன்னு எத்தனை நாளா கத்தறேன், நீ கேட்டியா? அவ ஒருதடவை பண்ணிப் பாக்கட்டுமேக்கா" என்று சொல்லிவிட்டுத் தம்பி பந்தயத்துக்குப் பேர் கொடுக்கப் போய்விட்டான்.

"பண்ணட்டும், எனக்கென்ன வந்தது?" என்றாள் அக்கா. வந்தது என்னவோ நெஞ்சடைப்புதான்.

வந்தவள் முன்பக்கத்து விறைப்பான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இளக்கமானதைப் போட்டாள். சரியாகத்தான் போட்டாள், பாவி. அது அக்காவுக்கும் தெரியும். நாக்கைக் கடித்துக்கொள்வாளே தவிரச் சொல்லமாட்டாள்.

அடுத்து நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு. எந்தச் சக்கரம் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று பார்த்து, ஸ்பிரிங் வளையத்தைத் திருகிச் சரிக்கட்ட வேண்டும். அவளும் திருகினாள். ஆனால் சீட் காலி! ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் எடைக்கு மணல்மூட்டையாவது வைக்க வேண்டும். தம்பி வலது பக்கம் ஏறி உட்கார்ந்ததும் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துபோகும். ஒரு பக்கத்து வளைவில் சமர்த்தாகப் போகிற கார், மறுபக்கத்து வளைவில் வாலை வீசும்.

மணல்மூட்டை அக்காவின் காலடியிலேயே கிடந்தது. வாயைத் திறந்தாளா? மூச்! 'படட்டும். ஒரு சுத்து போயிட்டு, அக்கான்னு வந்து நிப்பான்ல' என்று நினைக்கவே குளுகுளுவென்று இருந்தது.

தம்பி ஹெல்மெட்டோடு வந்தான்.

"முடிச்சிட்டேங்க" என்றாள் பொண்டாட்டி.

அவன் நேரே அக்காவிடம் வந்தான். "நீ பாத்துட்டியாக்கா? ஏறட்டுமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஒரு கேள்விக்குத்தானே காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தாள்! சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால், இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தது வெளியே வந்துவிடுமே.

"ம், ஏறு" என்றாள்.

இடது வளைவில் கார் வெண்ணெய் மாதிரி திரும்பியது. முதல் வலது வளைவில் வால் பிய்த்துக்கொண்டு போக, சுழன்றடித்து ஓரத்து டயர் அடுக்கில் மோதி நின்றது.

தம்பி மணிக்கட்டைப் பிடித்தபடி நடந்து வந்தான். நல்லவேளை, அதோடு போயிற்று. பொண்டாட்டி ஓடினாள். "என் தப்புங்க! ஆளில்லாம எடை போட்டுட்டேன். இப்பதான் உறைச்சுது. அண்ணி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" குத்தலாகக்கூடக் கேட்கவில்லை, அழுதுகொண்டே கேட்டாள்.

அக்காவின் கண் காலடி மணல்மூட்டைக்குப் போயிற்று. தம்பி அவள் முகத்தையே பார்த்தான். பார்த்ததும் புரிந்துபோயிற்று அவனுக்கு. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கத்து கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை.

"அவளுக்குத் தெரியல. நீ ஏறுன்னே, ஏறினேன்க்கா" என்றான்.

மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. அக்கா பதறிப்போய்ப் பிடிக்க வந்தாள். அவன் கையைப் பொண்டாட்டி பக்கம் நீட்டினான்.